காது பார்க்க மூன்று நாள் சம்பளமா?



சம்பளத்துக்குப் போராடுகிறோம். சேமலாப நிதிக்குப் போராடுகிறோம். வீட்டுக்கும் காணி உறுதிக்கும் போராடுகிறோம். இப்போது காதுக்கும் ஒரு கோரிக்கையா என்று சிலர் கேட்பார்கள். ஆம், காதுக்கும்தான். ஏனென்றால் இதுவும் சம்பளப் பிரச்சினைதான்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். டொக்டர் காசு கேட்பதில்லை. ஆனால் காது அடைத்துப்போன ஒரு தொழிலாளி, அந்த அடைப்பு நீங்கி வீடு திரும்புவதற்குள் எத்தனை நாள் வேலையை விடுகிறார் என்று யாராவது கணக்குப் பார்த்தார்களா? அதிகாரிகள் பார்க்கவில்லை. நாம் பார்ப்போம்.

முன்னேஸ்வரத்தைச் சுற்றியுள்ள தென்னந்தோட்டம் ஒன்றில் தேங்காய் உரிக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இரண்டு கிழமையாக ஒரு காது அடைப்பு. முதல் நாள் விடிய எழுந்து பஸ் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரி ஓ.பி.டி.யில் நம்பர் எடுக்கிறார். அங்கே, காது மூக்குத் தொண்டைக் கிளினிக்குக்குப் போகும்படி துண்டு எழுதுகிறார்கள். கிளினிக் நாளில் இரண்டாவது முறை போகிறார். குறும்பி இறுகியிருக்கிறது, மருந்து விட்டு ஊறவைத்துக்கொண்டு வாருங்கள் என்கிறார்கள். மூன்றாவது முறை போனால் ஐந்து பத்து நிமிடத்தில் காதைச் சுத்தம் செய்து அனுப்பிவிடுகிறார்கள்.

பத்து நிமிட வேலைக்கு மூன்று நாள். தேசிய குறைந்தபட்ச நாட்சம்பளம் 2025 ஏப்ரலில் 1,080 ரூபாவாக இருந்தது. அந்தக் குறைந்தபட்சத்தை வைத்துப் பார்த்தாலே மூன்று நாளைக்கு 3,240 ரூபா போய்விட்டது. பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் வேறு. பிள்ளைக்குக் காதில் சீழ் என்றால் தாய்க்கும் வேலை இல்லை, பிள்ளைக்கும் பள்ளி இல்லை. இந்த 3,240 ரூபா எந்தத் திறைசேரிக் கணக்கிலும் வராது. நம்முடைய அடுப்படியில்தான் அது குறைகிறது.

ஆகவேதான் பெரும்பாலோர் முதல் நாளே போவதில்லை. ஈர்க்கை எடுத்துக் குடைகிறோம். ஊசி, நெருப்புக்குச்சி, கோழி இறகு, கையில் அகப்பட்டதையெல்லாம் விடுகிறோம். உள்ளிப்பூண்டைப் போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றுகிறோம். அடைப்பு இன்னும் உள்ளே போகிறது, அல்லது காதுச் சவ்வு கிழிகிறது. ஒரு கிழமையில் தீர வேண்டியது ஒரு வருட நோயாகிறது.

நம் காதுக்கு என்ன நடக்கிறது?

கரையோரத்துப் புழுக்கத்தில் வேலை செய்கிறோம். வியர்வையும் தும்புத் தூசியும் காதில் படிகின்றன. குளத்திலும் ஆற்றிலும் குளிக்கிறோம். ஈரம் தங்கிய காதில் பூஞ்சணம் பிடிக்கிறது, அரிப்பும் வலியும் வருகின்றன. சின்னப் பிள்ளைகளுக்குத் தடிமல் பிடித்தால் காதுக்குள் சளி இறங்கி, சவ்வு உடைந்து சீழ் வடிகிறது. அதைப் பார்க்காமல் விட்டால் மாதக் கணக்கில் வடியும். கேட்கும் சக்தி குறையும். பள்ளிக்கூடத்தில் பின் வாங்கில் இருக்கும் அந்தப் பிள்ளைக்கு ‘மந்தம்’ என்று பெயர் வைப்பார்கள். பிள்ளை மந்தமில்லை. அதற்கு ஆசிரியர் சொல்வது கேட்கவில்லை.

இதற்கு மேல் மில்லின் சத்தம் இருக்கிறது. தும்பு மில்லிலும் தேங்காய்ப்பூ மில்லிலும் நிற்கும் தோழர்கள் ஒன்றைச் செய்து பாருங்கள். ஒரு கை தூரத்தில் நிற்பவரோடு கத்திப் பேச வேண்டியிருந்தால், அங்கே சத்தம் ஏறக்குறைய 85 டெசிபலுக்கு வந்துவிட்டது என்று பொருள். எட்டு மணி நேர வேலைக்குப் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட எல்லை அதுதான். அதைத் தாண்டிய சத்தத்தில் வருடக் கணக்கில் நின்றால் காதின் உள் நரம்பு சாகும். அந்தக் கேள்விச் சக்தி திரும்பாது. எந்த டொக்டராலும் திருப்பித்தர முடியாது.

தனக்குக் கேட்காமல் போவதற்குக் காரணம் குறும்பியா, சீழா, மில் சத்தமா என்று ஒரு தொழிலாளிக்கு எப்படித் தெரியும்? ஒருவர் விளக்கடித்துக் காதுக்குள் பார்த்தால்தான் தெரியும். பார்ப்பதற்குப் பக்கத்தில் யாரும் இல்லை என்பதுதான் நம் பிரச்சினை.

தாதியால் என்ன செய்ய முடியும்?

நாம் கேட்பது பெரிய கட்டிடமல்ல. அருகிலுள்ள பிரதேச வைத்தியசாலையிலும் ஆரம்ப மருத்துவப் பராமரிப்பு நிலையத்திலும் கிழமைக்கு ஒரு நாள், காதுப் பராமரிப்பில் தனிப் பயிற்சி பெற்ற ஒரு தாதி இருக்கும் கிளினிக். அவ்வளவுதான்.

அங்கே வேண்டியவை ஓர் அலுமாரிக்குள் அடங்கும். காதுக்குள் பார்க்கும் விளக்குக் கருவி, குறும்பியை எடுக்கும் சிறு கருவிகள், காது கழுவும் கருவி, பஞ்சு, சொட்டு மருந்து, காது கேட்கிறதா என்று சோதிக்கும் எளிய கருவி, ஒரு பதிவுப் புத்தகம். மூன்று வருடம் படித்து, ஊசி போட்டு, புண் கட்டி, பிரஷரும் சீனியும் பார்த்துப் பழகிய தாதிக்கு இதைக் கற்றுக்கொடுக்க முடியும்.

இறுகிய குறும்பியைச் சொட்டு மருந்தால் இளக்கி, உடம்புச் சூட்டுத் தண்ணீரால் கழுவி எடுக்கலாம். தண்ணீர் அதிகம் குளிர்ந்திருந்தாலும் சூடாக இருந்தாலும் தலை சுற்றும் என்பது பயிற்சி பெற்றவருக்குத் தெரியும். சவ்வில் ஓட்டை இருக்கும் காதைக் கழுவக்கூடாது என்பதும் தெரியும். சீழ் வடியும் காதைப் பஞ்சுத் திரியால் உலர்த்தித் துடைக்கவும், அதைத் தாய்க்குக் காட்டிக்கொடுக்கவும், டொக்டர் எழுதிய முறைப்படி சொட்டு மருந்து கொடுக்கவும் முடியும். எல்லாவற்றையும்விட, எந்தக் காதைத் தான் தொடக்கூடாது, யாரை அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

இது நாம் கனவில் கண்டதல்ல. காது, கேட்டல் சம்பந்தமான பிரச்சினைகளில் 60 சதவீதத்துக்கு மேல் ஆரம்ப நிலைப் பராமரிப்பிலேயே கண்டுபிடித்துக் கவனிக்கக்கூடியவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2023 இல் மார்ச் 3, உலக செவிப்புலன் தினத்தையொட்டி, ஆரம்ப நிலைச் சுகாதார ஊழியருக்கும் டொக்டர்மாருக்கும் பயிற்சி கொடுப்பதற்கான கைநூலையும் அது வெளியிட்டது. பாடப் புத்தகம் தயாராக இருக்கிறது. வகுப்பைத்தான் தொடங்க வேண்டும்.

காசு இல்லையாம்!

எதைக் கேட்டாலும் வரும் முதல் பதில் இதுதான். சரி, காசைப் பற்றியே பேசுவோம்.

இங்கிலாந்தில் ரொதர்ஹாம் என்று ஒரு நகரம். நிலக்கரிச் சுரங்கமும் இரும்பாலையும் இருந்த தொழிலாளர் ஊர். அங்கே காதுப் பராமரிப்பில் பயிற்சி பெற்ற தாதியர் நோயாளரைப் பார்த்தார்கள். பக்கத்து ஊரான பார்ன்ஸ்லியில் வழக்கம்போல் டொக்டர்மார் பார்த்தார்கள். இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வு 1997 இல் அந்த நாட்டுப் பொது மருத்துவர்களின் சஞ்சிகையிலேயே வெளிவந்தது. தாதியர் பார்த்த இடத்தில் செலவு குறைந்தது. டொக்டர்மாரின் வேலைப் பளு குறைந்தது. வாய்வழி அன்டிபயோட்டிக் கொடுப்பது குறைந்தது. நோயாளரின் திருப்தி கூடியது. தாதியர் கை வைத்தால் தரம் கெட்டுவிடும் என்பவர்கள் இந்தக் கடைசி இரண்டையும் கவனிக்க வேண்டும்.

உலகக் கணக்கும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 ஆம் ஆண்டு அறிக்கையின்படி, காது, கேட்டல் பராமரிப்பை எல்லா மக்களுக்கும் விரிவாக்க ஓர் ஆளுக்கு வருடத்துக்கு 1.33 டொலர் மேலதிகமாகப் போதும். அப்படிப் போடும் ஒவ்வொரு டொலரும் பத்து வருடத்தில் ஏறக்குறைய 16 டொலராகத் திரும்பும். டொலரை 300 ரூபா என்று வைத்தால் 1.33 டொலர் ஏறக்குறைய 400 ரூபா. இது உலகச் சராசரி. இருந்தாலும் நம் தேங்காய் உரிக்கும் தோழரின் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவர் ஒரு காது அடைப்புக்காக இழந்த 3,240 ரூபா, எட்டுப் பேருக்கு ஒரு வருடக் காதுப் பராமரிப்புக்குரிய பணம்!

ஆகவே காசு இல்லை என்பது பொய். காசு செலவாகிக்கொண்டுதான் இருக்கிறது. அரசாங்கத்தின் பெட்டியிலிருந்து போக வேண்டியது, தொழிலாளியின் மடியிலிருந்து போகிறது.

‘டொக்டர்தான் பார்க்க வேண்டும்’

இன்னொரு எதிர்ப்பும் வரும். காது நுட்பமான உறுப்பு, தாதியிடம் விடக்கூடாது என்பார்கள். நம் நாட்டுச் சரித்திரம் இதற்குப் பதில் சொல்லும். 1926 இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. அந்த வழியில் நாடெங்கும் மருத்துவமாதர் வீடு வீடாகப் போனார்கள். 1930களில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு ஆயிரத்துக்கும் மேல் தாய்மார் செத்த நாடு இது. இன்று அந்த எண்ணிக்கை ஐம்பதுக்கும் கீழே. டொக்டர்மாரும் ஆஸ்பத்திரிகளும் மருந்துகளும் சேர்ந்துதான் இது நடந்தது. ஆனால் வாசலுக்கு வந்த மருத்துவமாது இல்லாமல் நடந்திருக்காது.

பல்லைப் பாருங்கள். பாடசாலைப் பிள்ளைகளின் பல்லை அடைப்பதும் பிடுங்குவதும் பயிற்சி பெற்ற பாடசாலைப் பற்சிகிச்சையாளர்கள். அவர்கள் பல் டொக்டர்மார் அல்ல. நம் பிள்ளைகள் அவர்களிடம்தான் வாய் திறந்து இருந்தார்கள். பல்லுக்குச் சரி, காதுக்கு மட்டும் ஏன் கூடாது?

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனை விசேட வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். இருக்கிற காது வைத்தியர் ஒருவர், சத்திர சிகிச்சை செய்ய வேண்டிய நேரத்தில் குறும்பி எடுத்துக்கொண்டிருக்கிறார். அவருக்காகக் காத்திருக்கும் பட்டியலில், மூளைக்குச் சீழ் ஏறக்கூடிய பிள்ளையும் நிற்கிறது. தாதியின் கிளினிக் டொக்டரின் எதிரி அல்ல. டொக்டரை அவருடைய வேலைக்கு விடுவிக்கும் ஏற்பாடு.

மலிவு வைத்தியம் என்று ஏமாற்ற விடமாட்டோம்

நம்மவர்களிடமிருந்து வரும் ஒரு கேள்விதான் எல்லாவற்றிலும் நியாயமானது. “தோட்டக்காரன் என்றால் எப்போதும் இரண்டாந்தரம்தானே? ஊராருக்கு டொக்டர், நமக்கு மட்டும் நேர்ஸா?”

இந்தச் சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது. 1912 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம் முதற்கொண்டு, தோட்டத் தொழிலாளியின் வைத்தியம் பெரும்பாலும் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தது. தோட்ட மருத்துவ உதவியாளரையே ‘டொக்டர் ஐயா’ என்று கும்பிட்டு நின்ற தலைமுறைகள் நாம். அவருக்கும் சம்பளம் கொடுத்தது தோட்டம்தான். தொழிலாளிக்கு ஓய்வு எழுதினால் துரை முகம் சுளிப்பார்.

நாம் கேட்பது அதுவல்ல. அன்றைய உதவியாளர் டொக்டருக்குப் பதிலாக வைக்கப்பட்டவர். அவருக்கு மேலே தொழிலாளி போகக் கதவு இல்லை. நாம் கேட்கும் தாதி அரசாங்கச் சேவையில் இருப்பவர், இந்த வேலைக்கே பயிற்சி பெற்றவர், தோட்ட நிர்வாகத்துக்குக் கட்டுப்படாதவர். அவருக்குப் பின்னால் ஒரு காது வைத்தியர் இருக்க வேண்டும். தாதி எழுதும் துண்டுக்கு மதிப்பு இருக்க வேண்டும். அந்தத் துண்டோடு போனவர் மறுபடி ஓ.பி.டி. வரிசையில் நிற்கக்கூடாது. அது மட்டுமல்ல, இந்தக் கிளினிக் தோட்டத்துக்கு மட்டும் உரியதாக இருக்கக்கூடாது. ஊராரும் மீனவரும் ஆசிரியரும் வருகிற அதே கிளினிக்கே நமக்கும் வேண்டும். எல்லோரும் போகிற இடத்தில் தரம் கெட்டால் எல்லோரும் கேட்பார்கள்.

இருக்கிற தாதியரின் தலையில் இன்னொரு சுமையை ஏற்றி, ‘கிளினிக் தொடங்கிவிட்டோம்’ என்று சொல்வதையும் ஏற்கமாட்டோம். புதிய வேலைக்குப் புதிய பதவி வேண்டும், பயிற்சிக்கும் பொறுப்புக்கும் உரிய கொடுப்பனவு வேண்டும். தாதியரும் நம்மைப் போல் உழைப்பவர்கள். அவர்களைப் பிழிந்து நமக்கு வைத்தியம் வேண்டாம்.

ஒரு நாள் முகாம்களையும் இதற்குப் பதிலாக ஏற்கமுடியாது. திருவிழாக் காலத்தில் கூடாரம் அடித்து, நாலு காதைப் பார்த்து, படம் எடுத்துப் போனால் போதாது. சீழ் வடியும் காதை மறுபடி மறுபடி பார்க்க வேண்டும். முகாம் போன பிறகு யாரிடம் போவது?

எழுத்தில் இல்லாத உரிமை எவ்வளவு எளிதில் போகும் என்பதற்கும் இங்கிலாந்தே சாட்சி. ரொதர்ஹாம் வழிகாட்டிய அந்த நாட்டிலேயே, பின்னாளில் பல இடங்களில் அரசாங்க டொக்டர் நிலையங்கள் குறும்பி எடுப்பதை நிறுத்திவிட்டன. 2018 இல் வந்த தேசிய வழிகாட்டல் அந்தச் சேவையைக் கொடுக்கச் சொல்லியும் பல இடங்களில் கொடுபடவில்லை. இன்று வயோதிபர்கள் தனியார் கடைகளில் 50 பவுணும் அதற்கு மேலும் கொடுத்துக் காதைச் சுத்தம் செய்துகொள்கிறார்கள். ஆகவே நமக்கு வாய்ப் பேச்சு வேண்டாம். சுற்றுநிருபமும் நிரந்தரப் பதவியும் வேண்டும்.

நம் கோரிக்கைகள்

புத்தளம் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கும், வடமேல் மாகாண சுகாதாரத் திணைக்களத்துக்கும், சுகாதார அமைச்சுக்கும் நாம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் இவை:

1. சிலாபம், முன்னேஸ்வரம் பகுதித் தொழிலாளர் நடந்தோ ஒரே பஸ்ஸிலோ போகக்கூடிய அரசாங்க வைத்திய நிலையம் ஒன்றில், தாதியர் நடத்தும் காதுக் கிளினிக்கை முதலில் தொடங்க வேண்டும். ஒரு வருடம் நடத்திக் கணக்குப் பார்த்து மற்ற இடங்களுக்கும் விரிவாக்க வேண்டும்.

2. அந்தக் கணக்கில் ஆஸ்பத்திரிச் செலவு மட்டுமல்ல, நோயாளர் இழக்கும் நாட்சம்பளமும் பஸ் காசும் சேர வேண்டும்.

3. கிழமையில் ஒரு நாளாவது வேலை விட்ட பிறகு, பின்னேரத்தில் கிளினிக் திறந்திருக்க வேண்டும்.

4. தமிழ் பேசும் தாதி ஒருவர் இருக்க வேண்டும். 1987 இன் 13 ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் அரச கரும மொழி. காதும் கேட்காமல், மொழியும் புரியாமல் ஒருவர் தன் நோயை எப்படிச் சொல்வார்?

5. அவசரமான நோயாளர் தாதியின் துண்டோடு நேரே காது வைத்தியரிடம் போக வழி வேண்டும்.

6. மில் தொழிலாளருக்கு வருடம் ஒரு முறை கேட்டல் சோதனை வேண்டும். காதுக் காப்பை நிர்வாகம் இலவசமாகக் கொடுக்க வேண்டும். அதோடு நின்றுவிடாமல், இயந்திரத்தின் சத்தத்தையும் குறைக்க வேண்டும்.

அதுவரை வீட்டில்

காதுக்குள் ஈர்க்கோ ஊசியோ பஞ்சுக் குச்சியோ விடாதீர்கள். சீழ் வடியும் காதில் எண்ணெய் ஊற்றாதீர்கள். குளிக்கும்போது அந்தக் காதுக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடையில் நீங்களாக வாங்கிய அன்டிபயோட்டிக் குளிசையை நம்பியிருக்காதீர்கள். நாட்பட்ட சீழுக்குக் குளிசையைவிடக் காதில் விடும் சரியான சொட்டு மருந்தே நன்றாக வேலை செய்யும். அது எது என்பதை டொக்டர் சொல்ல வேண்டும்.

காதுக்குப் பின்னால் வீக்கம், காய்ச்சலோடு கடும் தலையிடி, முகம் ஒரு பக்கம் இழுத்தல், தலை சுற்றி விழுதல், பிள்ளை காதுக்குள் சிறிய பட்டன் பற்றரி போட்டுக்கொள்ளுதல்: இவற்றில் எது நடந்தாலும் சம்பளத்தைப் பார்க்க வேண்டாம், அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தோழர்களே,

செவிடன் காதில் ஊதிய சங்கு என்று பழமொழி சொல்கிறோம். காது கேட்காத நம் தோழரை அது கேலி செய்கிறது. உண்மையில் கேளாக் காது எங்கே இருக்கிறது? வருடக் கணக்காக நம் குரல் எட்டாத அலுவலகங்களில் இருக்கிறது. அந்தக் காதைத் திறக்கும் வேலை சங்கத்தினுடையது.

அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு சின்னக் கணக்கைக் கொண்டுவாருங்கள். போன ஒரு வருடத்தில் காதுக்காக எத்தனை முறை ஆஸ்பத்திரி போனீர்கள், எத்தனை நாள் சம்பளம் போனது, போகாமல் விட்டவர் எத்தனை பேர்? பெயர் எழுத வேண்டாம், எண்ணிக்கை போதும். அதிகாரிகள் ஒருபோதும் பார்க்காத அந்தக் கணக்கை நாமே கூட்டி, கோரிக்கையோடு சேர்த்து அவர்களின் மேசையில் வைப்போம்.